ஒற்றை நம்பரில் பூட்டிவிட்டுப் போனவருக்கு

வாத்தியாரே,

இன்று காலை பள்ளிக்கூட கேட்டைத் திறந்துகொண்டிருந்தபோது உம்முடைய போன் என் சட்டைப் பையில் உதறியது. நீர் போன பிறகும் அதற்கு ஓய்வில்லை. டேப்லெட்டில் யாராவது எதையாவது மாற்றப் போனால் ஆறு எண்கள் உள்ள செய்தி உமக்குத்தான் வருகிறது. செத்தவரிடம் உத்தரவு கேட்கிறது அந்த மிஷின்! உம் மகன் தாணேயிலிருந்து வந்து, "மாமா, ஸ்கூல்லேருந்து சும்மா சும்மா கூப்பிடுறாங்க. நீங்களே வச்சுக்கிடுங்க" என்று போனை என் கையில் திணித்துவிட்டுப் போனான். எழுதப் படிக்கத் தெரியாத வாட்ச்மேனிடம். எண்கள் மட்டும் எனக்குத் தெரியும், பஸ் நம்பர் பார்த்துப் பார்த்துப் பழகியது.

நான் சொல்லச் சொல்ல மும்தாஜ் எழுதுகிறாள். உம்மிடம் படித்தவள்தான். இப்போது அவள் மகள் நாலாம் வகுப்பில் இருக்கிறாள். "மெதுவா திட்டுங்க மாமா, கை வலிக்குது" என்கிறாள். மெதுவாகத் திட்ட எனக்கு வராது.

அந்த டேப்லெட்டுகள் வந்து இறங்கிய நாள் நினைவிருக்கிறதா? தாராவியில் நம் தமிழ்ப் பள்ளிக்கும், செம்பூரில் இருக்கிற இங்கிலீஷ் பள்ளிக்கும் சேர்த்து, இரண்டையும் நடத்துகிற டிரஸ்ட் மொத்தமாக வாங்கியது. டெம்போ சந்துக்குள் நுழையவில்லை. ரோட்டிலிருந்து பெட்டிகளை நானும் நீரும்தான் சுமந்து வந்தோம். பிரித்துப் பார்த்தால் இங்கிலீஷ் இருந்தது, கணக்கு இருந்தது, ஹிந்தி இருந்தது. தமிழ் இல்லை. மொத்தமாக வாங்கினால் தமிழ் சேர்ந்து வராது என்றான் அதை விற்ற கம்பெனிக்காரன்.

நீர் அவனை வாசலைத் தாண்ட விடவில்லை. "தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குத் தமிழ் இல்லாத சாமானைக் கொண்டாந்திருக்கியே, உங்க ஊர்ல செருப்பை ஒத்தையாத்தான் விப்பாங்களா?" என்று கேட்டீர். அவனுக்குத் தமிழ் புரியாது. நான் பம்பாய் ஹிந்தியில் எடுத்துச் சொன்னேன், இன்னும் இரண்டு வார்த்தை என் கணக்கில் சேர்த்து. கடைசியில் தமிழ் வாசிக்கிற அந்த ஆப் வந்தது. சொல்லைத் தொட்டால் அது வாய்விட்டுப் படிக்கும். வீட்டில் தமிழ் பேசி, தெருவில் ஹிந்தி பேசி, எழுத்தைக் கண்டால் முழிக்கிற நம் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு உதவி என்று கேட்டைப் பார்த்துக்கொண்டே நான் காதால் கண்டவன்.

அதை எப்படி வாங்கியிருக்கிறது என்று நீர் எனக்கு விளக்கினீர். பிள்ளைக்கு ஒரு சீட். பிள்ளை பள்ளியை விட்டுப் போனாலும் சீட் பள்ளிக்கூடத்திலேயே நிற்கும், அடுத்த பிள்ளை வந்து உட்காரும். "நான் முந்தி வேலை பார்த்த லெதர் பட்டறை, அந்தக் காரகானா மாதிரின்னு சொல்லும்வே. தைக்கிற காரீகர் ஊருக்குப் போயிருவான், தையல் மிஷின் போகாது" என்றேன். தொடையில் தட்டிச் சிரித்தீர்.

அங்கேதான் கோளாறு. பொறுப்பாளர் என்று ஒரு நம்பர் வேண்டும் என்றான் கம்பெனிக்காரன். பள்ளிக்கூட ஆபீஸ் நம்பரைக் கொடும் என்று நான் சொன்னேன். சொன்னேனா இல்லையா? நீர் கேட்கவில்லை. "ஆபீஸ்ல ஆள் மாறிக்கிட்டே இருப்பான். என் நம்பரைப் போடச் சொல்லுதேன். நான் எங்கவே போயிரப் போறேன்?"

எங்கே போனீர் என்று ஊருக்கே தெரியும். மழையில் நனைந்த காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

போன வாரம் டிரஸ்ட் ஆபீசிலிருந்து விக்னேஷ் என்ற பையன் வந்தான். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவன், பளிச்சென்ற சட்டை. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபோதே எனக்குச் சந்தேகம். வாட்ச்மேன் பக்கத்தில் எந்த ஆபீசர் உட்காருவான்?

"தாத்தா, இப்ப ஒரு ஓடிபி வரும். ஜஸ்ட் அந்த ஆறு நம்பரைச் சொல்லிடுங்க."

"எதுக்கு தம்பி?"

தமிழ்ச் சீட்களைக் கம்பெனியிடம் திருப்பிக் கொடுத்து, அதற்குப் பதில் செம்பூர்ப் பள்ளிக்கு இங்கிலீஷ் பேசப் பழக்குகிற ஆப் வாங்கப் போகிறார்களாம். பொறுப்பாளர் நம்பர் ஒப்புக்கொண்டால்தான் கம்பெனி மாற்றுமாம். "தமிழ் யாரு தாத்தா யூஸ் பண்றாங்க?" என்றான். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் அதில்தான் படித்துக்கொண்டிருந்தன.

போன் உதறியது. அவன் கை நீட்டினான். நான் பையைப் பொத்திக்கொண்டேன்.

"ஓடிபியை யாருக்கும் சொல்லாதேன்னு பேங்க்லேருந்து தினம் மெசேஜ் வருதாம்லா தம்பி. நீரே ஏமாத்துக்காரர் மாதிரி வந்து கேக்கீரே?"

"அரே தாத்தா, இது பேங்க் இல்ல!"

"அப்ப எதுக்கு அவசரம்?"

மகளைக் கூட்டிப்போக வந்த மும்தாஜ் கேட்டுக்கொண்டு நின்றாள். "எங்க புள்ளைக்குத் தமிழ் எதுக்குன்னு கேக்கீங்களே, உங்க செம்பூர்ப் புள்ளைக்கு இங்கிலீஷ் எதுக்குன்னு நாங்க வந்து கேட்டோமா?" என்றாள். அவன் எழுந்து போனான். மறுநாள் உம் மகன் கூப்பிட்டு, "கொடுத்துத் தொலைங்க மாமா, எனக்குத் தொந்தரவு" என்றான். அப்பன் தொண்டை கிழியச் சண்டை போட்டு வாங்கியதை மகன் ஒரே வார்த்தையில் தொலைக்கச் சொல்கிறான். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

ஆனால் வாத்தியாரே, என் முழுக் கோபமும் அவர்கள் மேல் இல்லை. மும்தாஜும் பெரிய டீச்சரும் சேர்ந்து கம்பெனிக்கே போன் போட்டுக் கேட்டார்கள். சீட்கள் நம் பள்ளியின் பேரில்தான் இருக்கின்றனவாம். பொறுப்பாளர் மூன்று பேர் இருக்கலாமாம்! முதல் நாளிலிருந்தே அப்படித்தானாம். நீர் கேட்டீரா? கேட்கமாட்டீர். சாக்பீஸ் பெட்டியைக் கூட இன்னொரு வாத்தியாரை நம்பிக் கொடுக்காத மனுஷன்.

இன்று காலை வந்த எண்களை நான் வாசித்தேன், மும்தாஜ் தட்டினாள். பெரிய டீச்சர், நாலாம் வகுப்பு டீச்சர், மும்தாஜ் என்று மூன்று நம்பர் ஏற்றவேண்டும். முதலில் என்னுடையதைத்தான் கேட்டார்கள். எனக்கும் வயசாகிறது, வேண்டாம் என்றேன். உம்முடையதையும் சேர்த்து மூன்றுக்கு மேல் ஏறாதாம். பழையதை எடுத்தால்தான் மூன்றாவது நிற்குமாம்.

"சார் நம்பரை எடுக்கட்டா மாமா?" மும்தாஜின் விரல் அப்படியே நின்றது.

"எடும்மா" என்றேன்.

அடுத்த வருஷம் சீட்களைப் புதுப்பிக்கும்போது பார்த்துக்கொள்கிறோம் என்று டிரஸ்டிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வரட்டும். இனி அவர்கள் மூன்று பெண்களிடம் பேசவேண்டும். நீர் ஒற்றை ஆளாய்க் கட்டியதை ஒற்றை ஆளாய் என்னைக் காக்க வைத்தீரே, அதை மட்டும் நான் மன்னிப்பதாக இல்லை. இன்னும் நாலு பேரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தால், உம் பேரை அழிக்கச் சொல்லும் வேலை எனக்கு வந்திருக்காது. சாகிறவரை இதற்காக உம்மோடு சண்டை போடுவேன். மும்தாஜ், இதையும் எழுது.