ஆடத் தொடங்கிய முன்பல்

பிப்ரவரி 3, திங்கள்

மதியம் என் டைல்ஸ் கடையில் வாடிக்கையாளரிடம் விலை சொல்லிக்கொண்டிருந்தபோது உதட்டைக் கடித்துக்கொண்டேன். சட்டையில் ரத்தம். மேல் முன்பற்களுக்கு நடுவே சந்து விழுந்து, இடதுபக்கப் பல் வாசலில் எட்டிப் பார்க்கிற ஆள் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது. சின்ன வயதில் வரிசையாகத்தானே இருந்தது? ஐம்பத்திரண்டு வயதில் பல் நகருமா?

“கல்யாண ஃபோட்டோல இருக்கிற மாப்பிள்ளைய எங்கங்க ஒளிச்சு வச்சீங்க?” என்றாள் மனைவி.

பிப்ரவரி 7, வெள்ளி

பல் டாக்டரம்மாவிடம் போனேன். எக்ஸ்ரே எடுத்தார். கீழே சொத்தையென்று எடுத்த கடைவாய்ப் பல்லின் இடத்தைக் காட்டி, “இத ஏன் காலியா விட்டீங்க?” என்றார்.

“பின்னாடிதானே, யார் பாக்கப் போறா.”

“பக்கத்துப் பல்லு பாத்துடுச்சு. சாய்ஞ்சு படுத்துடுச்சு. மேல் பல்லு கீழ இறங்கிடுச்சு. பின்னாடி தாங்க ஆளில்லாம, கடிக்கிற பாரம் எல்லாம் முன்பல்லு மேல. ஈறு நோயால எலும்பும் தேய்ஞ்சிருக்கு. அப்புறம் அது விரியாம என்ன செய்யும்?”

வயது ஒரு தடையே இல்லையாம். எலும்பும் ஈறும் நன்றாக இருந்தால் அறுபதிலும் பல்லை நகர்த்தலாமாம். ஆனால் முதலில் ஈறு வைத்தியம், சில மாதம். பல்லை இழுத்து வரிசையாக்கும் கம்பி அதற்கப்புறம்தான்.

“ரெண்டையும் சேர்த்துப் பண்ணிடலாமே?”

“முடியாதுங்க.”

மனுஷிக்குப் பேச்சில் இறங்கிவரும் பழக்கமே இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஈறு வைத்தியத்துக்குப் போகவில்லை. கம்பிக்குப் பதிலாகப் பல்மேல் மாட்டுகிற கண்ணாடி போன்ற உறை உண்டு. அதை எந்த டாக்டரும் தன் கையால் செய்வதில்லை, எங்கோ பட்டறையில் செய்து வருகிறது. இது தெரிந்த பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நடுவில் ஆளே இல்லாமல் சூளையிலிருந்து நேரே டைல்ஸ் எடுத்துத்தான் இந்தக் கடையை நிமிர்த்தினேன். பல்லுக்கு மட்டும் வேறு நியாயமா? நேரடியாக அனுப்புகிறவர்களைக் கண்டுபிடித்தேன். அச்சு எடுக்கும் மாவு தபாலில் வந்தது. குடோனில் லாரி இறங்கிக்கொண்டிருக்க, ஒரு ஓரமாக நின்று கடித்து, அச்சைத் திருப்பி அனுப்பினேன்.

“அப்பா, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்றாள் மகள்.

“கேட்டா வேண்டாம்னுதாம்மா சொல்வாங்க. அவங்க யாவாரம் அது.”

மார்ச் 10, திங்கள்

முதல் செட் உறை வந்துவிட்டது. மாட்டினால் இறுக்குகிறது. இறுக்கினால் வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்?

ஏப்ரல் 2, புதன்

சந்து பாதி மூடிவிட்டது. கெட்டிக்காரன்தான் நான்.

ஏப்ரல் 19, சனி

காலையில் உறையைக் கழற்றினேன் — பல்லும் கூடவே வருகிற மாதிரி ஒரு அசைவு. நாக்கால் தொட்டுப் பார்த்தேன். ஆடுது. நல்லாவே ஆடுது. சுற்றிலும் ரத்தம். அனுப்பினவனுக்கு ஃபோன் போட்டேன். “ரெண்டு நாள் கழட்டி வைங்க சார், அடுத்த செட் அனுப்புறோம்” என்கிறான். பல்லு போச்சுன்னா எவன்டா அனுப்புவான்? நாள் முழுக்க வாயைத் திறக்காமல் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் சொல்லவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து ஓரப்பல்லில் போட்டதை மனைவி பார்த்துவிட்டாள். எல்லாவற்றையும் சொல்ல வைத்துவிட்டாள்.

“தரை ஈரமா இருந்தா டைல்ஸ் ஒட்டாதீங்கன்னு கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் சொல்றீங்க. உங்க வாய்க்கு மட்டும் அது கிடையாதா?”

ரொட்டித் தட்டைத் தள்ளி வைத்தேன்.

“நாளைக்கு நானும் வர்றேன். நீங்க அங்க வாயத் திறந்து காட்டினாப் போதும், பேச வேணாம்.”

ஏப்ரல் 21, திங்கள்

திட்டுவார் என்று பயந்து போனேன். டாக்டரம்மா திட்டவில்லை. உறையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“பல்லத் தள்ளினது தப்பில்லைங்க. புண்ணா இருக்கிற ஈறுல தள்ளினதுதான் தப்பு. எலும்பு இன்னும் கரைஞ்சிருக்கு.”

“பல்லு நிக்குமா?” — நான் கேட்கவில்லை, மனைவி கேட்டாள்.

“இப்ப சொல்ல முடியாதும்மா. ஈறு ஆறட்டும்.”

ஆடும் பல்லை மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டினார். மரத்துப்போக ஊசி போட்டு ஒருபக்கத்து ஈறின் உள்ளே சுத்தம் செய்தார். வரும்போது ஆட்டோவில் வீடு வரை மனைவி என் கையைப் பிடித்தபடியே வந்தாள்.

ஜூன் 9, திங்கள்

துலக்கும்போது ரத்தம் வரவில்லை.

ஜூலை 28, திங்கள்

புது எக்ஸ்ரே. எலும்பு மேற்கொண்டு கரையவில்லை. பல் இன்னும் கொஞ்சம் ஆடுகிறது, ஆனால் நிற்கிறது. இனி கம்பி போடலாம் என்றார் டாக்டரம்மா. எனக்குப் பேச அனுமதி கிடைத்தது, மனைவியிடமிருந்து. நிபந்தனைகளை ஒவ்வொன்றாக டாக்டரம்மா சொல்லச் சொல்லத் தலையாட்டினேன். மெதுவாக, லேசான இழுப்பில், ஒன்றரை வருடமாவது கம்பி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஈறு சுத்தம். ஒரு தடவை தப்பினாலும் கம்பி வேலை நிற்கும். சாய்ந்த கடைவாய்ப் பல்லை நிமிர்த்திய பிறகு காலியிடத்தில் புதுப் பல். எல்லாம் முடிந்ததும் பல் மறுபடி விலகாமலிருக்க உட்புறம் ஒரு மெல்லிய கம்பி, ஆயுள் முழுக்க. அந்த முன்பல்லுக்கு மட்டும் உத்தரவாதம் கிடையாது.

சரி என்றேன்.