நீலத்தில் மூன்று விரல்கள்

பலெர்மோ

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா? என் பிள்ளை யதுசா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? ஃபோனில் சொன்னால் பாதியிலேயே பதறுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

கபோ சந்தைப் பக்கம் நான் துப்புரவு செய்யும் வீட்டில் ஹலினா என்ற போலந்து ஓவியர் குடியிருக்கிறார். அவர் படங்களில் ஆளும் இல்லை, மரமும் இல்லை. அவர் தாள் முழுக்க வெறும் நிறங்களைத்தான் தீட்டுவார். தரையில் பரப்பிக் காயவைப்பார். வியாழக்கிழமை ஒரு தாளின் ஓரத்தில் என் கால் பட்டுவிட்டது. நீங்கள் பழக்கியபடி உடனே குனிந்து தாளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினேன். நிறம் காயவில்லை, அம்மா! நட்டநடு நீலத்தில் என் மூன்று விரல்கள். என் இமையிலும் நீலம்.

இங்கே தங்குவதற்கான பெர்மெசோ அனுமதியைப் புதுப்பிக்கிற நேரத்தில் வேலை போகப்போகிறதே என்று துடைக்கத் துணியை எடுத்தேன். தெரிந்த இத்தாலிய மொழியில் காரணத்தைச் சொன்னேன். அவர் தாளையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"துடைக்க வேண்டாம், அப்பிடியே இருக்கட்டும். என்ர படத்தை இதுவரைக்கும் ஒருத்தரும் கண்ணில ஒற்றினதில்லை" என்றார். இப்போது அது சுவரில் தொங்குகிறது. நான்தான் அதற்குத் தூசு தட்டுகிறேன்.

பஸ் வருகிறது. ஒரு காரியம்: யதுசாவின் கையை நிறத்தில் தோய்த்து ஒரு தாளில் பதித்துத் தபாலில் அனுப்புங்கள். ஃபோனில் படம் வேண்டாம், தாள்தான் வேண்டும். அவளுக்கு வளையல் வாங்க அளவு பார்க்கத்தான் கேட்கிறேன்.

உங்கள் மகள்,
தயாளினி