தைக்கிற கையும் தட்டுகிற கையும்

ஆகஸ்ட் 14, 2008, வியாழன்

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஷூ கம்பெனி கேட்டில் எல்லாரும் செல்போனை செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகிறோம். என் தங்கை ஸ்டெல்லா உடைந்த பழைய போனை அங்கே கொடுத்துவிட்டு, நான் வாங்கிக் கொடுத்த புதுப் போனைச் சாப்பாட்டுப் பையில் ஒளித்துக் கொண்டுபோயிருக்கிறாள். தினமும் இதே வேலை! இன்று தையல் மிஷினில் ஒரு கையால் தோலைத் தள்ளிக்கொண்டே மறு கையால் சாட்டில் மெசேஜ் அடித்திருக்கிறாள். ஊசி நகத்தைத் துளைத்து விரலுக்குள் இறங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போதும், "அக்கா, போன் எங்க? சாட்ல என்னைத் தேடுவாங்க" என்கிறாள்.

"விரலே போயிருக்கும்டி! இன்னா சாட்டு உனக்கு?" என்று கத்திவிட்டேன். நர்ஸ் என்னைத்தான் முறைத்தாள்.

அவள் தூங்கிவிட்டாள். போன் என்னிடம் கிடந்து கத்திக்கொண்டே இருக்கிறது. ஒருத்தர் முகத்தையும் அவள் பார்த்ததில்லை, எல்லாரும் தோஸ்தாம்! பொறுக்கமாட்டாமல் நானே அடித்தேன்: "நான் ஸ்டெல்லாவோட அக்கா. மிஷின்ல அவ விரல் மாட்டிக்கிச்சு. கையில கட்டு."

உடனே பதில் வந்தது: "இன்னொரு கை நல்லாதானே இருக்கு?"