கன்னத்தை உப்பிக்கொண்டு படுத்தவனுக்கு

மாமு,

வெந்நீரில் ஊறிய பிளாஸ்டிக் வாசனை இன்று மதியம் மறுபடி வந்தது. அந்தத் தகட்டைச் சூடாக எடுத்து முகத்தில் போர்த்தி அழுத்தினால், ஆறும்போது முகம் அதில் அப்படியே பதிந்துவிடும். கதிர்வீச்சுக்குப் படுக்கிறவர் தலை அசையாமல் பிடித்துக்கொள்ளும் மாஸ்க் அது. எண்ணூர்க்காரர் ஒருவருக்குச் சிகிச்சையின் நடுவில் புது மாஸ்க் செய்துகொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். உன்னை நினைக்காமல் எப்படி இருக்க முடியும்?

உனக்குச் செய்தபோது நீ போட்ட கூத்து! ஓட்டை ஓட்டையாக இருந்த மாஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இன்னா மாமு, என் மூஞ்சிய வலைல புட்ச்சு வெச்சிட்டீங்க" என்றாய். காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவன் நீ. தொண்டையில் கட்டி என்று தெரிந்த அன்றும் நீ உயிரைப் பற்றிக் கேட்கவில்லை. "நான் கூவ முடியுமா, முடியாதா? அத்த சொல்லு" என்றாய்.

அதற்குப் பதில் தேடுவதுதான் என் வேலை. கதிர் எந்தக் கோணத்தில் கட்டிக்குப் போக வேண்டும், போகிற வழியில் நல்ல உறுப்புகளுக்கு என்ன ஆகும் என்று கணினியில் முன்கூட்டியே நடத்திப் பார்ப்பேன். உன் ஸ்கேன் படத்தை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஓட்டினேன். வலது காதடியில் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பி தப்பாது, இடது தப்பும். கொஞ்ச நாள் வாய் வறண்டாலும் எச்சில் மெல்ல ஊறிவிடும், நீ கூவலாம். உன்னை உட்காரவைத்துத் திரையைக் காட்டினேன். சிவப்பு அடிபடும் இடம், பச்சை பிழைக்கும் இடம்.

"லெப்ட்டு சைடு பச்சையா கீதே, போதும். மீதிய நான் பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொண்ட லட்சணம்!

மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையில் கிடக்கும், ஏலமும் கிடையாது. அதற்குள் சிகிச்சையை முடித்துவிட்டு, படகு திரும்பும் முதல் நாளே கூவ வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாய். தொண்டை புண்ணாகிக் கஞ்சிகூட இறங்கவில்லை. இளைத்தாய், மாஸ்க் தளர்ந்தது. புது மாஸ்க் என்றால் மறுபடி ஸ்கேன், மறுபடி திட்டம், சில நாள் தள்ளிப்போகும் என்று யாரோ உன் காதில் போட்டுவிட்டார்கள். நீ என்ன செய்தாய்? மாஸ்க்கை மாட்டும்போதெல்லாம் கன்னத்தை உப்பிக்கொண்டாய். இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாய். கதிர் கொடுக்குமுன் எடுத்துப் பார்த்த படங்களில் எலும்பு சரியாக நின்றதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சதை வற்றி, இடது சுரப்பி உள்ளே சரிந்து, சிவப்புக்குள் போயிருந்தது. கணினிக்கு உன் முதல் நாள் முகம்தான் தெரியும்.

எல்லாம் முடிந்த அன்று ராயபுரத்து டீக்கடையில் நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய்: "கன்னத்த உப்பிக்கினே ஓட்டிட்டேன் மாமு." நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டேன்.

படகு வந்த காலையில் நானும் துறைமுகத்துக்கு வந்தேன். கூடைகளின் நடுவே நின்று வாயைத் திறந்தாய். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி திறந்தாய். மீன் வாங்க வந்த அக்கா ஒருத்தி, "நீ குந்து நைனா, வேற யார்னா கூவட்டும்" என்றாள். நீ என் பக்கம் திரும்பவே இல்லை.

கட்டி திரும்பி வரவில்லை. எச்சிலும் வரவில்லை. தின்றதெல்லாம் புரையேறி, நெஞ்சில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தாய். பாவி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

போன மாதம் உன் பழைய படங்களை எடுத்து, பாதியில் புது மாஸ்க் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஓட்டிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. இடது சுரப்பி பச்சையாகவே இருந்தது. முதல் நாள் ஏலம் மட்டும் தவறியிருக்கும், அவ்வளவுதான். திரையை அணைக்க மனம் வராமல் உட்கார்ந்திருந்தேன்.

இன்று காலை அந்த எண்ணூர்க்காரருக்கு மாஸ்க் இறுக்கமாகத்தான் இருந்தது. இப்போது நான் எல்லோரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னேன்: "கன்னத்துல காத்து கீதா? உட்டுடுங்க." டெக்னீஷியன் பெண் வழக்கம்போலச் சிரித்தாள். அவர் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல மூச்சை விட்டார். மாஸ்க்குக்கும் கன்னத்துக்கும் நடுவே என் விரல் புகுந்தது.

மாஸ்க்கைக் கழற்றியதும், "லீவு முடிஞ்சிடும் சார், அதான்..." என்று இழுத்தார்.

உன்னைத் திட்ட வைத்திருந்ததையெல்லாம் அவர்மேல் கொட்டித் தீர்த்தேன். இந்த சார் ஏன் திட்டிக்கொண்டே அழுகிறார் என்று பாவம், மனிதர் முழித்தார்.