கழிக்காத ஈரம்

1961 ஜூன் 4, ஞாயிறு

நான் தலை சீவிவிடும்போது முடியை ஒதுக்கக் கையைத் தூக்கிய அண்ணியின் கண்ணாடி வளையல் முழங்கையைத் தாண்டி அக்குள்வரை போய் நின்றது. பொங்கலுக்கு அதே வளையலைச் சோப்பு போட்டுத்தான் மாட்டிவிட்டேன். கையை இறக்கியதும் சலசலவென்று கீழே வந்தது. அண்ணி கவனிக்கவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை.

வயிற்றுப் புண் என்று கண்டியில் ஆபரேசன் செய்து, அண்ணியின் இரைப்பையில் பாதியை எடுத்துவிட்டார்கள். வந்ததிலிருந்து அவரைப் பார்த்துக்கொள்வது நான்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்ற பிறகு இந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் நான்தான். வெட்டுப்பட்ட வயிற்றுக்குக் கவிச்சி ஆகாது என்று அம்மா சொல்லிவிட்டாள். முட்டை கிடையாது, கருவாடு கிடையாது. மூன்று வேளையும் அரிசிக் கஞ்சி. காய்ச்சுவது நான்.

ஜூன் 7, புதன்

வாரம் தவறாமல் கிழமைக்கு ஒருமுறை எடை பார்க்க வேண்டும், குறைந்தால் உடனே கூட்டிவர வேண்டும். கண்டி டாக்டர் சொல்லியனுப்பியது அது. தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் இருப்பதோ பச்சைப்பிள்ளைகளை நிறுக்கும் தராசு. அதனால் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குக் கூட்டிப்போகிறோம். தராசுக் கொக்கியில் ஒரு படங்குச் சாக்கைத் தூளிபோல் கட்டி, அதில் அண்ணியை உட்கார வைக்கிறோம்.

கணக்கப்பிள்ளை ஆண்டியப்பன் முள்ளைப் பார்த்தார். போன கிழமையைவிட நாலு றாத்தல் கூட.

"நல்லமுத்து, மழைக்குக் கொழுந்து வர்ற மாதிரி வளர்றாப்பா ஒம் பொண்டாட்டி," என்றார் அண்ணனிடம்.

"சாக்குக்குக் கழிச்சீங்களா, இல்ல எங்க கூடைக்கு மட்டுந்தான் கழிப்பீங்களா?" என்று கொழுந்து நிறுக்க நின்ற வேலாயி அக்கா கேட்டதும் கணக்கப்பிள்ளைக்கே சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் சிரித்து எவ்வளவு நாளாயிற்று! சனிக்கிழமை கண்டிக்குக் கூட்டிப்போகக் கேட்டிருந்த லீவை அங்கேயே வேண்டாமென்றுவிட்டார்.

அண்ணியை இறக்கும்போது பாதத்தைத் தாங்கிப் பிடித்தேன். புசுபுசுவென்று வீங்கியிருந்தது. கை குச்சி, கால் தூண். மழை நாளில் கொழுந்து நிறுத்தால் ஈரத்துக்கென்று றாத்தல் கழிப்பார்கள். அப்படியானால் அண்ணிக்கு ஏறியது சதைதானா? கேள்வி வாய்வரை வந்தது. அத்தனை ஆம்பிளைகள் நின்றார்கள். விழுங்கிவிட்டேன்.

ஜூன் 8

அண்ணியிடம் மட்டும் கேட்டேன். கால் கனக்கத்தான் செய்கிறதாம்.

"அவரு இப்பதான் ஒழுங்கா சோறு திங்கிறாரு. வாய வச்சிக்கிட்டு சும்மா இரு புள்ள."

சும்மா இருப்பதா எனக்குக் கஷ்டம்?

ஜூன் 14, புதன்

எடை இன்னும் கூடியிருக்கிறது. அம்மா மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தாள்.

ஜூன் 19, திங்கள்

விடிந்தும் அண்ணி எழுந்திருக்கவில்லை. முகமும் வீங்கிக் கண் திறக்க முடியவில்லை. தோட்டத்து லொறியில் கண்டிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டர் அண்ணியின் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது. பிறகு மேல்கையைப் பிடித்துப் பார்த்தார். என்ன சாப்பிடக் கொடுத்தீர்கள் என்று கேட்டார். கஞ்சி என்றார் அண்ணன். எடை கூடிக்கொண்டுதான் வந்தது என்றும் சொன்னார்.

"கூடினது தண்ணி. உள்ளுக்குள்ள சதை கரைஞ்சு போயிருக்கு. முட்டை, மீன், பால் குடுத்திருக்கணும். கை மெலிஞ்சத ஒருத்தருமே பாக்கலையா?"

கதவோரம் நின்ற என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பார்த்தேனே— பாத்துக்கிட்டேதானே இருந்தேன். கஞ்சியும் நாந்தானே ஊத்துனேன். தெனமும் நாந்தானே தலை சீவுனேன். ஏன்டி வாயத் தெறக்கல?

ஜூன் 25

இன்று கஞ்சிப் பானையைக் கழுவிக் கவிழ்த்தேன். கழுவக் கழுவ அழுகை.

ஜூலை 2, ஞாயிறு

அண்ணன் கண்டியிலிருந்து வந்தார். லயத்து வரிசை வீட்டுச் சனமெல்லாம் வாசலில் கூடிவிட்டது. எடை என்ன ஆச்சு என்றுதான் எல்லாரும் முதலில் கேட்டார்கள். பதினெட்டு றாத்தல் இறங்கிவிட்டது என்றார். அவ்வளவுதான், அம்மா மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மற்றப் பெண்களும் ஒப்பாரிக்கு ஆயத்தமாகிவிட்டார்கள். அண்ணனுக்கு விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. அண்ணி பேசுகிறார், கொஞ்சம் சாப்பிடுகிறார், ஆனால் இனி மலையேறிக் கொழுந்தெடுக்க முடியாதென்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"தண்ணி வடிஞ்சதும் கட்டில்ல ஆளே இல்லம்மா," என்றார்.

அழுகை இன்னும் கூடியது.

"அழாதீங்க," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னேன். "எறங்குனது தண்ணி. அது எறங்கத்தான் வேணும். அன்னைக்கு மடுவத்துல ஏறுச்சே, அப்பத்தான் நாம அழுதிருக்கணும்."

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அம்மாவும் பார்த்தாள். காதெல்லாம் சுட்டது.

வேலாயி அக்கா வீட்டுக்குப் போய் முட்டை வாங்கி வந்து, அண்ணன் திரும்பிப் போகும்போது அண்ணிக்குக் கொடுத்தனுப்ப, அம்மாவின் கண்ணெதிரே அடுப்பில் வேகப் போட்டேன்.