மோர்மிளகாயும் வலது கண்ணும்

ஏப். 21, செவ்வாய்
காலையிலேயே வெயில் சுள்ளென்று. மோர்மிளகாய் போட ஏற்ற நாள். திண்டிவனம் மார்க்கெட்டில் ரெண்டு கிலோ பச்சை மிளகாய். குண்டு கிடைக்கவில்லை, நீட்டுதான். காம்பை விட்டுவிட்டு நுனியில் மட்டும் கீற வேண்டும். நானும் என் மனைவி செல்வியும் உட்கார்ந்தோம். கையுறையாவது ஒன்றாவது. லாரி ஓட்டின கை.

பத்து மணிக்கு முடிந்தது. சோப்பு போட்டு ரெண்டு தடவை கை கழுவினேன். கொடியில் கிடந்த துண்டில் முகம் துடைத்தேன். அவ்வளவுதான். வலது கண்ணில் நெருப்பு. நான் அலறியது தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

பக்கத்து வீட்டு கன்னியம்மா அக்கா விளக்கெண்ணெயோடு ஓடி வந்தார். "ரெண்டு சொட்டு உடறேன், ஜல்தியா படு."

செல்வி விடவில்லை. "வேணாங்க்கா, கண்ணுல எதையும் உடாதீங்க. தண்ணி போதும்." குழாயடியில் கால் மணி நேரம் ஊற்றினாள். எரிச்சல் பாதி குறைந்தது. கண் மட்டும் தக்காளி.

வெள்ளிக்கிழமை விழுப்புரத்தில் கண் டெஸ்ட். தேறினால்தான் ஸ்கூல் வேன் டிரைவர் வேலை. எட்டு மாதமாக வீட்டில் சும்மா. இப்போது எவன் மோர்மிளகாய் கேட்டான்?

ஏப். 22, புதன்
சிவப்பு போகவில்லை. எழுத்தெல்லாம் மங்கல். பயம். கண் டாக்டரிடம் போனோம். "உள்ள காயம் இல்லீங்க. சொட்டு மருந்து போடுங்க, கசக்காதீங்க."

டாக்டரம்மா சொன்னது, மறக்கக்கூடாது: காரம் வெறும் சோப்புக்குப் போகாது. முதலில் கையில் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்பு. (மல்லாட்டை எண்ணெய், அதான் கடலை எண்ணெய், போதும்.) இனிமேல் கையுறை. நகக்கண்ணைத் தேய்க்க வேண்டும்.

கன்னியம்மா அக்கா காய்ந்த மிளகாய் சுத்தி அடுப்பில் போட்டார். திருஷ்டி இருந்தால் நெடி வராதாம். வந்தது. மூன்று பேரும் இருமித் தீர்த்தோம். ஆக, திருஷ்டி இல்லை, மிளகாய்தான். டாக்டரம்மா சொன்னதும் அதுதான்.

செல்வி சரியாகப் பேசவில்லை. கோபமோ?

ஏப். 23, வியாழன்
எரிச்சல் இல்லை! இடது கண்ணை மூடிக்கொண்டு காலண்டரில் ராகு காலம் படித்தேன். நாலு தடவை. அப்பாடா. மிளகாய் மாடியில் காய்கிறது. செல்வி மதியமும் சாப்பிடவில்லை, வயிறு சரியில்லையாம்.

ஏப். 24, வெள்ளி
ஏழு மணி பஸ். விழுப்புரம். கடைசி வரி வரை படித்தேன். ஓர் எழுத்தில் தடுமாற்றம், அதுவும் சரியாகவே சொல்லிவிட்டேன். கையெழுத்து, முத்திரை. நிம்மதியில் கால் தரையில் படவில்லை. பஸ் ஸ்டாண்டில் ரெண்டு டீ.

வீட்டுக்கு வந்து சர்டிபிகேட்டைக் காட்டினேன். செல்வி ஓவென்று அழுதாள்.

"அன்னிக்கி நீங்க மூஞ்சி தொடச்சீங்களே, அந்தத் துண்டுலதான் நான் மிளகா கைய தொடச்சிட்டுப் போட்டிருந்தேன். ஒங்க கண்ண நானே கெடுத்துட்டேன்னு பயந்துக்கினு இருந்தேன். மூணு நாளா சோறு எறங்கல."

நான் என்னடா என்றால், ஒழுங்காகக் கை கழுவவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

"அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"வேலை போயிட்டா எந்த மூஞ்சிய வெச்சிக்கினு சொல்றது?"

சோறு போட்டு அவள் எதிரே நானே வைத்தேன். ரெண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.