தகரத்துக்குள் ஒரு கிழவன்

நேற்றுப் பக்கத்து வீட்டுக்காரி தன் பூனைக்கு இறைச்சித் தகரம் ஒன்றைத் திறந்தாள். அந்த மணம் என் குசினிக்குள் வந்ததும் உன்னை நினைத்துச் சிரித்தேன். பிறகு அழுதேன். நீ இருந்திருந்தால், "விசரி, பூனைச் சாப்பாட்டுக்கு ஆரும் அழுவினமோ?" என்று கேட்டிருப்பாய்.

பலெர்மோவின் போர்கோ வெக்கியோவில் நான் பார்த்துக்கொண்ட ஜெர்மன்காரரை நீ மறந்திருக்கமாட்டாய். இரண்டாம் உலகச் சண்டை முடிந்தபின் சிசிலிக்காரியைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கியவர். தொண்ணூறுகளின் நடுவில் பாரிசவாதம் வந்தது. அத்தனை வருஷம் பேசிய இத்தாலியன் போய், பிறந்த மொழி மட்டும் மிஞ்சியது. அதில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. லண்டனில் இருந்த அவர் பேத்திக்கோ இங்கிலிஷ் மட்டும்தான்.

தட்டை வைத்தால், "அல்டர் மன், நைன்" என்று முகத்தைத் திருப்புவார். பேத்தி அதை ஃபோனில் கேட்டு யாரையோ விசாரித்தாள். 'கிழவன், வேண்டாம்' என்று அர்த்தமாம். தாத்தாவுக்கு உயிர் வெறுத்துவிட்டது, முதியோர் இல்லத்தில் சேர்க்கப்போகிறேன் என்றாள். செத்துப்போன மனைவி படுத்த கட்டிலை விட்டு அசையாத மனிதர் அங்கே எத்தனை நாள் தாங்குவார்?

எனக்குத் தெரிந்தவர்களில் ஜெர்மனியில் அகதி முகாமில் இருந்துவிட்டுப் பலெர்மோவுக்கு வந்தவள் நீதான். வியாழக்கிழமை அரைநாள் லீவில் அல்பெர்கேரியாப் பகுதியிலிருந்து நடந்தே வந்தாய். வந்தவுடன் தட்டைத்தான் பார்த்தாய்.

"என்னடி இது, தகரத்து இறைச்சியோ?"

"ஓம். ஒவ்வொரு நாளும் இறைச்சி குடுக்கச் சொல்லிப் பேத்தி சொன்னவ. பச்சை மாட்டிறைச்சியை நான் தொடுவனோ? இதெண்டால் திறந்து கவிட்டாச் சரி."

நீ அவரிடம் ஜெர்மனில் ஏதோ கேட்டாய். அவர் தன்னைச் சொல்வதுபோல் நெஞ்சைத் தொடவில்லை, தட்டைக் காட்டினார். மேசையில் விரலால் ஏ, எம் என்று இரண்டு எழுத்து எழுதினார். போர்க்காலத்தில் இத்தாலிய ஆமி கொடுத்த இறைச்சித் தகரத்தில் அவை இருக்குமாம். ஜெர்மன் சிப்பாய்கள் அதை 'அல்டர் மன்' என்று வாசித்து, கிழவன் என்றே பேர் வைத்துவிட்டார்களாம்.

நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "எடியே, கிழவன் எண்டது தகரத்தையடி! எங்கடை காம்பிலை சாப்பிடத் தந்த கறுப்புப் பாணுக்கு 'மாமி' எண்டு பேர். மாமி வேண்டாம் எண்டால் சாகப்போறம் எண்டோ அர்த்தம்?"

இதை இங்கிலிஷில் எப்படிச் சொல்வது? 'கிழவன் வேண்டாம்' என்றால் பேத்தி இன்னும் பயப்படுவாள்.

"இங்கிலிஷ் ஆமிக்காரர் இந்தத் தகரத்து இறைச்சியை என்னெண்டு சொன்னவங்கள்?" என்றாய்.

"புல்லி பீஃப்."

"புல்லி எண்டால்?"

"சண்டியன்."

"அட கடவுளே! அவைக்குக் கிழவன், இவைக்குச் சண்டியன், எங்களுக்கு மாமி. சாப்பாட்டைச் சாப்பாடு எண்டு சொல்ல ஒருத்தருக்கும் மனம் வரேல்லைப் பாரன்!"

பேத்தியிடம் அப்படியே சொன்னேன்: உன் தாத்தாவுக்கு வெறுத்தது உயிர் இல்லை, புல்லி பீஃப். முதலில் சிரித்தாள், பிறகு தேம்பினாள். இல்லத்துப் பேச்சு அதோடு நின்றது. நீ உருளைக்கிழங்கை அவித்து மிளகுத்தூள் போட்டுக் கொடுக்க, அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

அன்றிலிருந்து யார் வேண்டாம் என்றாலும், என்ன வேண்டாம் என்று கேட்காமல் நான் தட்டை எடுப்பதில்லை. போன மாரிக்காலத்தில் ஆஸ்பத்திரியில் நீ கரண்டியைத் தள்ளியபோது, உன் மகள், "அம்மாவுக்கு வாழ்ந்தது போதுமாம்" என்று வாசலில் நின்று அழுதாள். நான் உன் காதருகே குனிந்து, "என்னடி வேண்டாம்?" என்றேன்.

"எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்க, தனியச் சாப்பிடேலாமல் கிடக்கு."

கட்டிலில் ஏறி உட்கார்ந்தேன். உனக்கொரு கரண்டி, எனக்கொரு கரண்டி என்று அந்தச் சப்பென்ற சூப்பை முடித்தோம். இப்போது தனியே சாப்பிட முடியாமல் இருப்பது நான்தான். என்ன வேண்டாம் என்று கேட்க நீ இல்லையடி.